உடல் கட்டும் உறை

உடலுக்குள் செயற்கைப் பொருளை வைப்பது மதுரைக்குப் புதிதல்ல. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரை எடுத்தவர்களுக்கு வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டு, லென்ஸ் இங்கேயே தயாரானது. இன்று சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில், கண்ணில் லென்ஸ் வைத்த தாத்தாவோ பாட்டியோ இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். மறுநாள் கட்டைப் பிரித்தால் பேரப்பிள்ளையின் முகம் தெரியும். ஆபரேஷன் முடிந்தது, ஆள் சரியாகிவிட்டார் என்ற கணக்கு நம் ஊரில் ஊறிப்போனதற்கு அந்த லென்ஸும் ஒரு காரணம்.

மார்பக இம்பிளான்ட் அந்தக் கணக்குக்கு அடங்காது. அறுவை மேசையில் மருத்துவர் செய்து முடிப்பது பாதி வேலைதான். மீதியை உடல் செய்கிறது. அதற்கு மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். இது தெரியாமல் முதல் வாரத்தில் கண்ணாடி முன் நின்று கலங்கும் பெண்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

இம்பிளான்ட் என்றால் கண்ணுக்குத் தெரிவது என்ன? மெல்லிய, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர் உறை. அதற்குள் சிலிக்கோன் ஜெல் அல்லது உப்புநீர். பெரும்பாலும் 200 முதல் 400 மில்லி கொள்ளளவு. உள்ளங்கையில் வைத்தால் கனமாக இருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், எடுத்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு இதை முதன்முதலில் வைத்தார்கள். அவர் மருத்துவமனைக்குப் போனது பச்சை குத்தியதை அழிப்பதற்காக. அதற்கு முன்பு, திரவ சிலிக்கோனையும் பாரஃபினையும் நேரடியாக மார்பில் ஊசி போட்டு ஏற்றும் பயங்கரம் உலகின் பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திரவம் திசுக்களுக்குள் ஊடுருவிக் கட்டி கட்டியாக இறுகும், தோல் அழுகும். ஜெல்லை ஓர் உறைக்குள் அடைத்ததுதான் 1962இன் முன்னேற்றம்.

இது பணக்காரர்களின் அழகு ஆசை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைகளை, இம்பிளான்ட் உட்பட, இலவசமாகச் செய்யும் திட்டம் தொடங்கியபோது அந்த விவாதம் சூடுபிடித்தது. ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்டது. என் பார்வையில் அமைச்சர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. மார்பை இழந்து, சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்காரும் பெண்ணுக்கு அது ஆடம்பரம் ஆகாது. பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போன பெண்ணுக்கும் அப்படித்தான், தன் உடலைத் தன்னுடையதாக உணர விரும்பும் திருநங்கைக்கும் அப்படித்தான். அழகுக்காக மட்டுமே செய்துகொள்பவரும் இருக்கிறார். காரணம் எதுவானாலும் காயம் ஆறும் முறை ஒன்றுதான். சரியான தகவலைப் பெறும் உரிமையும் ஒன்றுதான்.

இனி கண்ணாடி முன் நடப்பதைப் பார்ப்போம். மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் உச்சத்தில் இருக்கும். மார்பு கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஏறி நிற்பதுபோல் தெரியும். மேல்பகுதி உருண்டு பிதுங்கி இருக்கும், கீழ்ப்பகுதி தட்டையாக இருக்கும், தொட்டால் கல்லாக இருக்கும். தோல் பளபளக்கும். ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் தெரியும். "இப்ப இப்படித்தான்க்கா இருக்கும், போகப்போக இறங்கிரும்" என்று நர்ஸ் சொல்லுவார். சொல்வது சரிதான். ஆனால் ஏன் இறங்கும் என்று தெரிந்தால்தான் மனசு அமைதியாகும்.

பல நேரங்களில் இம்பிளான்ட்டை மார்புத் தசைக்கு அடியில், அல்லது அதன் மேற்பாதி தசைக்கு அடியில் இருக்குமாறு, வைக்கிறார்கள். இந்தப் பெருந்தசை கழுத்தெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றிலிருந்து கிளம்பி, விசிறிபோல் குவிந்து மேல்கையில் போய் ஒட்டுகிறது. இத்தனை வருடம் விலா எலும்போடு ஒட்டிக் கிடந்த தசைக்கு அடியில் திடீரென்று 300 மில்லி பொருள் ஒன்று வந்து உட்கார்ந்தால், தசை விறைத்து அதை அழுத்தும். கீழே, மார்பின் அடிமடிப்பில், தோல் இன்னும் விரிந்து கொடுக்கவில்லை. அங்கே இடமில்லாததால் இம்பிளான்ட் மேலே ஒதுங்குகிறது. நாட்கள் போகப்போகத் தசையின் விறைப்பு தளரும். இம்பிளான்ட்டின் எடையும் புவியீர்ப்பும் அடிப்பக்கத் தோலை மெல்ல மெல்ல நீட்டும். புதிதாகக் கயிறு பின்னிய கட்டில் முதலில் விறைப்பாக இருந்து, படுக்கப் படுக்க ஆளின் எடைக்கு ஏற்பக் குழைந்து கொடுக்குமே, ஏறக்குறைய அப்படி. மேலே பிதுங்கிய பகுதி தணிந்து, கீழ்ப்பகுதி நிரம்பி, கண்ணீர்த்துளி போன்ற சரிவு வரும். தசைக்கு மேலே வைத்திருந்தால் இது சீக்கிரம் நடந்துவிடும். அடியில் வைத்திருந்தால் மூன்று முதல் ஆறு மாதம்.

திருநங்கைகளுக்கு இது இன்னும் மெதுவாக நடக்கலாம். மார்புக்கூடு அகலமாகவும் தசை கெட்டியாகவும் தோல் இறுக்கமாகவும் இருப்பது அதற்குக் காரணம். ஹார்மோன் சிகிச்சையில் மார்பகம் வளர இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், குறைந்தது ஓராண்டாவது ஹார்மோன் எடுத்த பிறகு அறுவை சிகிச்சைக்குப் போகும்படி பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். காத்திருந்து இயற்கையாக வளர்ந்த அந்தத் திசு, பிறகு இம்பிளான்ட்டை மூடிக் காக்கும்.

கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் நிலைமை வேறு. கதிர்வீச்சு பட்ட தோல் நெகிழ்வை இழந்துவிடுகிறது, சிறு ரத்தக் குழாய்கள் குறைந்துவிடுகின்றன. நீள வேண்டிய தோல் நீளாது. அதனால் அந்தப் பக்கத்து இம்பிளான்ட் மேலேயே நின்றுவிடலாம், பின்னால் இறுகவும் வாய்ப்பு அதிகம். வயிறு அல்லது முதுகிலிருந்து சொந்தத் தசையையும் கொழுப்பையும் எடுத்து மார்பு அமைக்கும் வழியை இவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் யோசிப்பது அதனால்தான். மார்பு முழுவதையும் எடுத்தவர்களுக்கு நேரடியாக இம்பிளான்ட் வைக்கத் தோல் போதாவிட்டால், முதலில் ஒரு விரிப்பான் பையை வைத்து, அதில் வாரம் தோறும் ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை வளர்த்துக்கொள்வார்கள்.

இதுவரை சொன்னது வெளியே தெரியும் மாற்றம். உள்ளே நடப்பது இதைவிட வியப்பானது.

இம்பிளான்ட் உள்ளே போன சில நொடிகளிலேயே ரத்தத்திலும் திசுநீரிலும் இருக்கும் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. அடுத்து வெள்ளணுக்கள் வரும். பிறகு பெருவிழுங்கி செல்கள். கிருமியோ தூசியோ எதுவானாலும் விழுங்கிச் செரிப்பதுதான் இவற்றின் வேலை. ஆனால் தங்களைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரிய, எந்த நொதிக்கும் கரையாத சிலிக்கோனை இவை எப்படி விழுங்கும்? பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய செல்லாக மாறி முயன்று பார்க்கும். முடியாது. அழிக்க முடியாததை அடைத்து வை என்று அப்போது வேதிச் சமிக்ஞை போகிறது. நார் உண்டாக்கும் செல்கள் அங்கே வந்து சேர்ந்து கொலாஜன் இழைகளை இம்பிளான்ட்டின் மேற்பரப்பைச் சுற்றி அடுக்கடுக்காக வைக்கின்றன. சில வாரங்களில் மெல்லிய வெண்ணிற உறை ஒன்று முழுதாக மூடிவிடும். நன்றாக அமைந்த உறை ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும்.

உடல் செயற்கைப் பொருளை ஏற்றுக்கொண்டது என்று நாம் சொல்கிறோமே, அது உண்மையில் இப்படித்தான் நடக்கிறது. உடல் அதைத் தன்னிலிருந்து பிரித்து, சுவர் கட்டி, அந்தச் சுவரோடு வாழப் பழகுகிறது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இதே உறை உண்டு. கண் லென்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? லென்ஸ் வைக்கும் அந்தச் சிறு பையில் ரத்தக் குழாயே கிடையாது. கண்ணின் உட்பகுதியில் நோய் எதிர்ப்பு மண்டலமும் அடக்கி வாசிக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்துத்தான், 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். ரத்த ஓட்டம் நிறைந்த மார்பில் அந்தச் சலுகை கிடையாது.

உறை மெல்லியதாகவும் மென்மையாகவும் இருந்தால் அது நன்மையே செய்கிறது, இம்பிளான்ட்டை இடத்தில் பிடித்து வைக்கிறது. அந்த உறையில் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் பெருகினால் சிக்கல் தொடங்கும். உறை இறுகி இம்பிளான்ட்டை உருண்டையாக நெருக்கும். மருத்துவர்கள் இதை பேக்கர் அளவுகோலில் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: முதல் நிலையில் மார்பு இயல்பாக, மென்மையாக இருக்கும், இரண்டாவதில் தொட்டால் மட்டும் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும், மூன்றாவதில் கண்ணுக்கே வடிவம் மாறித் தெரியும், நான்காவதில் வலியும் சேர்ந்துகொள்ளும். மூன்று, நான்குக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இறுக்கத்துக்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுபவற்றில் முக்கியமானவை, தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியா இம்பிளான்ட்டின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்வது, உள்ளே ரத்தம் தேங்குவது, கதிர்வீச்சு, புகைப்பழக்கம்.

முதல் வாரங்களின் கெட்டித்தன்மை வேறு, இந்த இறுக்கம் வேறு. முதலாவது வாரத்துக்கு வாரம் குறையும். இரண்டாவது, மென்மையாகிவந்த மார்பு மாதங்கள் கழித்து மறுபடி கெட்டியாவது. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தன் போனில் ஒரு படம் எடுத்துத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியவே தெரியாது.

இந்த மாதங்களில் உடல் சில விசித்திரங்களும் செய்யும். மின்சாரம் சுண்டினாற்போல் ஒரு நொடி வலி பாய்ந்து மறையும். நசுங்கிய, நீண்ட நரம்புகள் மறுபடி உயிர்ப்பதால் வருவது அது. காம்பில் உணர்வு இல்லாமல் போகலாம், அல்லது சட்டை உரசினாலே கூசலாம். நான்காவது விலா இடைவெளியிலிருந்து வரும் நரம்புக் கிளைதான் அங்கே முக்கியமாகப் போகிறது. அது பாதிக்கப்படாமல் நீண்டு மட்டும் இருந்தால் மாதங்களில் உணர்வு திரும்பும். அறுபட்டிருந்தால் திரும்பாமலும் போகலாம், இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில நாட்களில் அசையும்போது உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும். பைக்குள் மாட்டிய காற்றும் திசுநீரும்தான் அது, உடல் உறிஞ்சிக்கொள்ளும். மார்புக்குக் கீழே வயிற்றை நோக்கி விரலுக்குத் தட்டுப்படும் கயிறு போன்ற ஒன்று சிலருக்கு வரும். மேலோட்டமான சிரை ஒன்று உறைந்து வீங்குவதால் வரும் அது. மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டால் போதும், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் இறங்காது. வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலப்பக்கத் தசை பலமாக இருப்பதால் அந்தப் பக்கம் தாமதிக்கலாம். சில வாரம் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்பது அச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

இந்த ஊரின் வாழ்க்கைக்கு என்று சில சேதிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் அச்சடித்த வழிகாட்டிகளில் அவை இருக்காது. பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பும் ஆறு வாரத்தில் குடம் கைக்கே வரக் கூடாது. அதைவிட மோசம் அடிபம்பு. கையை மேலிருந்து கீழே அழுத்தி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மார்புத் தசைதான் முழு மூச்சாகச் சுருங்குகிறது; அடியில் இருக்கும் இம்பிளான்ட் மேலும் வெளிப்பக்கமும் தள்ளப்படுகிறது. கிணற்றில் இறைப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பது எல்லாம் அப்படியே. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகக் கூடாது. ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட இழுக்கக் கூடாது. தோளை அசைக்காமலே இருப்பதும் தவறு. மருத்துவர் சொன்ன அளவுக்குக் கையை மெதுவாக உயர்த்திப் பழகாவிட்டால் தோள் மூட்டு பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வெயில். அக்னி நட்சத்திரக் காலத்தில் இரவும் பகலும் இறுக்கமான மருத்துவ பிரா போட்டுக்கொள்வது வேதனைதான். வியர்வை அடிமடிப்பில் தங்கிப் படை வரும், அந்த மடிப்பில்தான் பெரும்பாலும் தையலும் இருக்கும். இரண்டு பிரா வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடலாம், மடிப்பை ஈரமில்லாமல் ஒற்றி எடுக்கலாம். மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் எதையும் தையல் மேல் போட வேண்டாம். முடிந்தவர்கள் அறுவை சிகிச்சைத் தேதியை மார்கழி, தை பக்கம் கேட்டு வாங்கலாம் என்பது என் யோசனை. நம் நிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் போக்கும் அதிகம். தழும்பு சிவந்து, அரித்து, பிறகு வெளிறி அடங்க ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்திருந்தால், அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

நீவிவிடுவது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வழவழப்பான வட்ட இம்பிளான்ட்டுக்குச் சில மருத்துவர்கள் நீவச் சொல்வது உண்டு. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளதை, குறிப்பாகக் கண்ணீர்த்துளி வடிவத்தில் உள்ளதை, நீவக் கூடாது. அது திசுவோடு பிடித்து நிற்க வேண்டும், உள்ளே திரும்பிவிட்டால் மார்பின் வடிவமே கோணிவிடும். உங்களுக்கு வைத்தது எது என்று தெரியாமல், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று கை வைக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி, இறுகி, கடுமையாக வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சூடு, தையலிலிருந்து சீழ் என்றால் அது தொற்று. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், மூச்சு முட்டினால் அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அறுவை சிகிச்சை செய்த இடம் தூரமாக இருந்தால், மதுரையில் பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கிறது. இந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. மருத்துவரிடம் முழுதாகச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து மார்பு அடங்கிய பிறகும் இம்பிளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் ஆகாது. பிறகு ஒரு நாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரலாம். சிலிக்கோன் ஜெல் இம்பிளான்ட் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளேயே கிழியக்கூடும் என்பதால், ஐந்து, ஆறு ஆண்டுகளில் முதல் முறையும் பிறகு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. சொரசொரப்பான சில வகைகளைச் சுற்றியுள்ள உறையில் அரிதாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருவதும் கண்டறியப்பட்டது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் அத்தகைய இம்பிளான்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வைத்துப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மார்பு காரணமின்றி வீங்கினால் உடனே காட்ட வேண்டும்.

2010இல் பிரான்ஸின் பிஐபி நிறுவனம், மருத்துவத்துக்கு அனுமதி இல்லாத தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது அம்பலமானது. நிறுவனர் ஜான் குளோட் மாஸ் சிறைக்குப் போனார். ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கும் ஒரு பெண், தனக்குள் இருப்பது அந்த நிறுவனத்துடையதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? ஒவ்வோர் இம்பிளான்ட் பெட்டியிலும் தயாரிப்பாளர் பெயர், வகை, அளவு, வரிசை எண் அச்சிட்ட ஒட்டிகள் வருகின்றன. ஒன்று மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும், ஒன்று நோயாளியின் அட்டைக்கு உரியது. அரசு மருத்துவமனையில் இலவசமாக வைத்திருந்தாலும் சரி, தனியாரில் காசு கொடுத்து வைத்திருந்தாலும் சரி, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். போனில் படம் எடுத்து, உங்கள் மேல் அக்கறையுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.